ஊசி நாள்

கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள நல்ல சேலை கட்டி, பவுடர் பூசிக்கொண்டு போகிற மனுஷியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருக்கிற புஷ்பவள்ளி அப்படித்தான் போவார்.

முப்பது வருடத்துக்கு மேல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மின்னணுச் சில்லில் மயிரிழைக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொன்னவர். சூப்பர்வைசர் முறைத்தாலும் கண்டதைத்தான் சொல்வார். தம்பி தங்கைகளைக் கரைசேர்த்ததில் கல்யாண வயது போயே போய்விட்டது. கரையேறியவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளக்குப் படம் வரும், அதோடு சரி.

வயதானால் வருகிற நோயில் இடது கண் முன்பே போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் விழித்திரையின் நடுவே நீர் கசிகிறது. யாரைப் பார்த்தாலும் காது தெரியும், தலைமுடி தெரியும், முகம் இருக்கிற இடத்தில் புகை மாதிரி இருக்கும்.

அதற்குத்தான் மாதாமாதம் ஊசி. எல்லாரும் நடுங்குவார்கள்; இவர் எப்போது வரும் என்று காத்திருப்பார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஊசி போடும்போது காமாரியா என்ற மலாய்க்கார நர்ஸ் இவர் கையைப் பிடித்துக்கொள்வாள். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையாக "பயப்படாதீங்க" என்பாள். இவருக்கு என்ன பயம்? மாதம் முழுக்க இவரைத் தொடுகிற கை அது ஒன்றுதான்.

டாக்டர் தேவகுமார் நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஆன்ட்டி, புதுசா ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இருக்கு. ஒரே ஒரு தடவதான். போன பார்வை திரும்பாது, ஆனா ஊசி கொறயலாம். மாசாமாசம் அலய வேணாம்லா."

"அலயறது எனக்குக் கஷ்டமில்ல டாக்டர்."

"சும்மா சொல்லாதீங்க. கண்ணுல ஊசி யாருக்காச்சும் புடிக்குமா?"

எப்படிச் சொல்வது? வாய் வரை வந்ததை வெட்கம் பிடித்து நிறுத்தியது. தலையாட்டி வைத்தார்.

சிகிச்சையன்று தாடையைத் தாங்கியில் வைத்து, தலை அசையாமல் கட்டினார்கள். பக்கத்தில் நின்ற காமாரியாவிடம் இவர் கையை நீட்டினார். இங்கே யாரும் நிற்கக்கூடாது என்று அவள் மலாயில் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வலியே இல்லை. வலித்திருந்தால் யாராவது உள்ளே வந்திருப்பார்களே என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

சில மாதம் கழித்துப் பரிசோதனை. கண் மோசமாக இருந்தால் ஊசி தொடரும், அவ்வளவுதானே? வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தார். சுவரில் மாட்டிய அட்டையில் பெரிய எழுத்தைக் காட்டினார் டாக்டர்.

"தெரியல."

"இது?"

"ஒண்ணுமே தெரியல டாக்டர்."

நடு வரிசைக்கு வந்தார்கள். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்க இவர் பழகியிருந்தார். பாழாய்ப்போன தொழிற்சாலை வாய் சும்மா இருக்குமா!

"அந்த மூணாவது எழுத்துல கீழ்க்கோடு உரிஞ்சிருக்கு. மாத்தச் சொல்லுங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆன்ட்டி, வெளயாடுறீங்களா? ஸ்கேன்லயும் கசிவு இல்ல. இன்னிக்கி ஊசி வேணாம். நாலு மாசம் கழிச்சு வாங்க."

காமாரியா சந்தோஷத்தில் கைதட்டினாள். இவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய் என்ன செய்ய? வெளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில், முதல் ஊசிக்குத் தனியாக வந்திருந்த வேலு என்ற பெரியவர் கையிலிருந்த சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ரொம்ப வலிக்குமாக்கா?"

"வலிக்காதுண்ணே. ஒரு புள்ள வந்து கையப் புடிச்சிக்கும்." சொல்லிக்கொண்டே தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். "முடிஞ்சிருச்சு, எழுந்திரிங்கன்னு மலாயில சொல்லும். சட்டுனு விட்றாதீங்க. கொஞ்ச நேரம் புடிச்சிக்கிட்டே இருங்க."