ஸ்கேன் படத்துக்கு லேமினேஷன்

அந்தப் பனியன் கம்பெனியில் என் அறை பத்தடிக்கு எட்டடி. அதற்குள் ஸ்பைரல் பைண்டிங் மெஷின், காகிதம் வெட்டும் கட்டிங் மெஷின், லேமினேஷன் மெஷின், காகிதத்தை நார்நாராகக் கிழிக்கும் ஷ்ரெடர் எல்லாம் இருந்தன. ஜெராக்ஸ் மெஷின் கதவை முழுதாகத் திறக்க விடாமல் வாசலை ஒட்டி நின்றது. லேமினேஷன் மெஷினிலிருந்து அதற்கு மூன்று தப்படி. இந்தத் தூரத்தைப் பிறகு பலமுறை மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் வருகிறார் என்றால் துணியை விட பைல்தான் முதலில் தயாராக வேண்டும். துணியிலிருந்து சதுரத் துண்டுகள் வெட்டி அட்டையில் ஒட்டுவேன். நிறவாரியாக அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, ஸ்பைரல் கம்பி கோத்து, மேலே கண்ணாடித் தாள் வைப்பேன். ஆர்டர் முடிந்ததும், தொப்பி போட்ட பூனை போன்ற பனியன் டிசைன் தாள்களை ஷ்ரெடரில் விட வேண்டும். முழுத்தாளாகக் குப்பைக்குப் போனால் அடுத்த வாரமே அதே பூனை அதே தொப்பியோடு உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் என்பது மேனேஜரின் பயம். ஒருமுறை அப்படித் தொங்கவும் செய்தது.

பையர் அனுப்பும் பதில்கள் பேக்ஸில் வரும். அந்த பேக்ஸ் ரோல் காகிதம் வழவழப்பானது. மை கிடையாது, சூட்டினால் எழுத்து விழும் காகிதம். நாலைந்து மாதத்தில் எழுத்து மங்கிவிடும் என்பதால் வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத்தான் பைலில் வைப்போம். எனக்கு முன் அந்த அறையில் இருந்தவர், ஒரு அளவுப் பட்டியல் பத்திரமாக இருக்கட்டும் என்று பேக்ஸ் தாளையே லேமினேஷன் மெஷினில் விட்டிருக்கிறார். தார் பூசியது போல முழுத்தாளும் கறுத்து வெளியே வந்திருக்கிறது. மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கறுப்புத் தாளை லேமினேஷன் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். நான் சேர்ந்த அன்று அதைக் காட்டி, "இதைய மட்டும் மறந்துறாத கண்ணு. மத்ததெல்லாம் பழகிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை மதியம் ஆட்களின் அடையாள அட்டைகளுக்கு லேமினேஷன் போடுவேன். மெஷின் சூடேறக் கால் மணி நேரம் ஆகும். ஏறிய சூடு வீணாகக் கூடாது என்று, கம்பெனி வேலை முடிந்ததும் ஆட்கள் தங்கள் சொந்தக் காகிதங்களைக் கொண்டுவருவார்கள். எந்த விதியிலும் இல்லாத வழக்கம் அது. மேனேஜர் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, சாமி படம் எல்லாம் வரும். வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்து, ஒழுகும் லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்குத் தண்ணீர் புகாத காகிதம் என்பது பெரிய நிம்மதி. மெஷின் சூடு குறைவதற்குள் வரிசை நகர வேண்டும் என்பதால் கேலியும் அவசரமுமாக இருக்கும்.

"அந்தப் போட்டோல இருக்கற ஊட்டுக்காரரையும் சேத்து உள்ள உட்டுருங்க. அப்பறம் எங்கியும் ஓட முடியாதல்லொ" என்று ஒருத்தி பின்னாலிருந்து சொல்வாள்.

"ஓடுனா ஓடட்டுமுங்க, போட்டோ மட்டும் நல்லா வந்தாப் போதும்" என்பாள் போட்டோவைக் கொண்டுவந்தவள்.

அப்படி ஒரு சனிக்கிழமை எல்லோரும் போகும்வரை ஜெராக்ஸ் மெஷினில் சாய்ந்தபடி ஒரு பெண் காத்திருந்தாள். செக்கிங் பிரிவில் வேலை. டியூப்லைட் அடியில் நின்றுகொண்டு, தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்துச் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. இருபத்தைந்து வயது இருக்கலாம். கணவன் இன்னொரு கம்பெனியில் டெய்லர்.

"யக்கா, இது ஒண்ணே ஒண்ணு" என்று சின்ன பர்ஸிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளங்கை அளவில் ஒரு படம். பளபளப்பான காகிதம், சுற்றிலும் வெள்ளை ஓரம். நடுவே கறுப்பு, அதில் விசிறி விரித்தது போல் ஒரு சாம்பல் வெளிச்சம். வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படம்.

"மங்கிக்கிட்டே வருதுக்கா. வேர்வை பட்டுப் பட்டு வாய் இருந்த எடம் போயிட்டு. இந்தா, இது நெத்தி. இது மூக்கு, அவுக அப்பா மூக்கு. கையப் பாத்தீகளா? எங்க ஐயாவும் இப்படித்தான் நாடிக்குக் கை குடுத்துத் தூங்கும்."

பிள்ளைக்கு இப்போது எத்தனை வயது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்கு இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு நினைவு திரும்புமுன் புதைத்துவிட்டார்கள். எங்கே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பெயர் வைக்கவில்லை. போட்டோ எடுக்கவில்லை. ஏழாம் மாதம் வரை அவள் செக்கிங் டேபிளில் நின்றதுதான் காரணம் என்று மாமியார் அன்றே சொல்லிவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் ஒருமுறைதான் பேசினார், மாமியார் தினமும் பேசினார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை அவர் அடுப்பில் போட்டபோது இந்தப் படம் மட்டும் தலையணை உறைக்குள் தப்பியது. அன்றிலிருந்து ஜாக்கெட்டுக்குள் பர்ஸில் வைத்திருக்கிறாள்.

"இதுவும் போயிட்டுன்னா எனக்கு அது மொகம் மறந்துரும்க்கா" என்றாள்.

அவசரத்தில் செய்தேன் என்று சொல்ல இடமில்லை. நான் வீட்டுக்குப் போகும் வெள்ளகோவில் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அன்று போட்ட எல்லாவற்றையும் விட அதை நிதானமாகச் செய்தேன். பையர் பைல்களுக்கு மட்டும் எடுக்கும் தடித்த உறையை எடுத்தேன். படத்தை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தேன். என் விரல்ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து மெஷினுக்குள் விட்டேன். என் கவனம் முழுவதும் அது கோணாமல் போக வேண்டும் என்பதில் இருந்தது. வழவழப்பான காகிதத்தை விரல் உணர்ந்தது. படம் ஏற்கெனவே கறுப்பு வெள்ளையில் இருந்ததால், இது போட்டோதான் என்று புத்தி நினைத்துவிட்டது.

மறுபக்கம் வெளியே வரும்போது முதலில் கண்ணில் பட்டது வெள்ளை ஓரம் இல்லாதது. பிறகு நெற்றி வர வேண்டிய இடம் வந்தது. அங்கே நெற்றி இல்லை. மூக்கும் கையும் இல்லை. முழுவதும் ஒரே கறுப்பு, நேராக, கோணாமல், குமிழ் ஒன்றுகூட இல்லாமல்.

அவள் கையில் வாங்கினாள். இன்னும் சூடாக இருந்தது.

"என்னக்கா, மாத்திப் போட்டுட்டீகளா?" என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

எனக்கு எல்லாம் அந்தக் கணமே புரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தினால் சுவரில் பேக்ஸ் தாள் தொங்கியது. நான் நிமிரவில்லை.

"காகிதம் பழசு. முன்னியே கெட்டுப்போயிருக்கும்போல" என்றேன்.

"வேர்வைதான். அப்பமே நெனச்சேன்" என்று சொல்லி, அதைக் கைக்குட்டையில் சுற்றி பர்ஸில் வைத்தாள். கைக்குட்டை மடிப்புக்குள் அந்தத் தடித்த அட்டை சரியாக அடங்கவில்லை. இரண்டு முறை மடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை, செக்கிங் பிரிவில் அவளுக்குப் பக்கத்து டேபிள்காரி, சாமளாபுரத்திலிருந்து வருகிற பெண், ஏதோ விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் என்னிடம் சொன்னாள்: "பாவமுங்க அந்தப் புள்ள. காத்தாலிருந்து ஒரே பேச்சு. வவுத்துல வெச்சதையும் காப்பாத்துல, மார்ல வெச்சதையும் காப்பாத்துல, நான் தொட்டதெல்லாம் இப்படித்தான்னு. சோறுங்கூட உங்குல போங்க."

அன்று மாலை மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ வேணும்னா பண்ணுன கண்ணு? கைதவறிப் போச்சு. இப்பப் போய்ச் சொன்னா அந்தப் புள்ளைக்குப் படம் வந்துருமா? இன்னும் வேதனதான். உட்டுரு."

அன்பாகத்தான் சொன்னார். அது வசதியாகவும் இருந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டேன்.

புதன்கிழமை மதியம் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனேன். எங்கே எடுத்தது, எந்த மாதம் என்று பக்கத்து டேபிள்காரி மூலம் கேட்டு வாங்கியிருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் இரண்டு அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு வருசத்துக்குண்டானதுதானுங்க வெச்சிருப்போம். அதுக்கு முந்துனதெல்லாம் போன ஆடிலதான் எடுத்துக் கிழிச்சாச்சு. கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமுங்க."

எப்படிக் கிழித்தீர்கள் என்று கேட்டேன். தொழில் புத்தி. மெஷினில் என்றார். அப்படியானால் ஒட்டிப் பார்க்கவும் வழியில்லை என்பது அவரை விட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தாள் ஷ்ரெடரில் போனால் எத்தனை நார் ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சுவரிலிருந்த பேக்ஸ் தாளை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு செக்கிங் பிரிவுக்குப் போனேன். அவள் சாப்பிடப் போகாமல் டேபிளிலேயே இருந்தாள். முன்னால் ஒரு பனியன் விரிந்து கிடந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். காகிதம் பழசானதால் கெடவில்லை, அது சூடு பட்டால் கறுக்கிற காகிதம், எனக்கு அது தெரியும், தெரிந்திருந்தும் போட்டேன், பிறகு பொய் சொன்னேன். ஸ்கேன் எடுத்த இடத்திலும் படம் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கை பனியனின் கழுத்துத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தது.

"வேர்வையில ஆகலயா?"

"இல்ல. வேர்வையில மங்கும். இப்படிக் கறுக்காது."

"வேற ஆரு கொண்டாந்து தந்தாலும் கறுத்திருக்குமா?"

"கறுத்திருக்கும். இதப் பாரு."

பேக்ஸ் தாளை வாங்கினாள். பர்ஸிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, துணியில் ஓட்டை பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எனக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றியது.

"ரெண்டும் ஒரே கறுப்புதான்" என்றாள். பிறகு, "அப்பம் நான் கெடுக்கல" என்றாள். என்னிடம் சொன்னது போலவும் இருந்தது, வேறு யாரிடமோ சொன்னது போலவும் இருந்தது.

"நீ கெடுக்கல."

பேக்ஸ் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நான் திரும்பிக் கதவருகே போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"யக்கா. அங்கனயே ஜெராக்ஸ் மெஷின் நின்னுச்சே."

"ஆமா."

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போட்டிருக்கலாம்லா."

அவள் குரலில் கோபம் இல்லை. பேக்ஸ் தாளைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றேன்.

பின்னாளில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தபோது பலருடைய பிழைகளுக்கு நான் திருத்தம் எழுதியிருக்கிறேன். சரியான தகவல் இன்னது என்று இரண்டு வரி, ஓரத்தில் ஒரு கட்டம். அவற்றை எழுதும்போதெல்லாம் அந்தக் கதவருகே நின்றது ஞாபகம் வரும். திருத்தம் போட்டாலும் அச்சான தாள் அச்சானதுதான்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஒவ்வொருவர் காகிதத்தின் ஓரத்தையும் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் விட்டேன். சூட்டுக் காகிதமாக இருந்தால் கீறல் கறுப்பாக விழும். வரிசையில் கேலி செய்தார்கள்: "ஏனுங், நோட்டு நல்ல நோட்டானு பாக்கறீங்களா?" அவள் அந்த வரிசைக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வரவேயில்லை.

பிறகு ஒருநாள் வந்தாள். அன்றும் எல்லோரும் போகும்வரை நின்றாள், ஆனால் இந்த முறை ஜெராக்ஸ் மெஷினில் சாயவில்லை. பர்ஸைத் திறந்து அந்தக் கறுப்பு அட்டையை எடுத்தாள்.

"மூலை குத்துதுக்கா. நெஞ்சுல தோல் வழண்டுட்டு. வெட்டித் தாங்க."

அடையாள அட்டைகளின் மூலையை வட்டமாக வெட்ட, கைக்கு அடங்கிய சின்ன கட்டர் ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு கையை நீட்டினேன். அவள் அட்டையைத் தரவில்லை. தானே இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். வெட்டினேன். திருப்பி அடுத்த மூலையை நீட்டினாள். நான்கு மூலையும் அப்படியே. நான்கு சின்ன பிளாஸ்டிக் துணுக்குகள் மேஜையில் விழுந்தன. நான்கிலும் கறுப்பு இல்லை, வெறும் உறைதான். அதை அவளும் குனிந்து பார்த்தாள்.

பிறகு ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். இரண்டாவது மூலையில் விரல் நின்றது. மறுபடி நீட்டினாள். அதை இன்னொரு முறை வெட்டிக் கொடுத்தேன்.