மச்சாள் சொன்ன எடை

கடைக்குக் குறைவில்லாத எங்கள் வில்லரே பகுதியில், வீட்டிலேயே வடை சுட்டுத்தான் தின்பேன் என்று நின்றவர் என் கணவர். கொதித்த எண்ணெயை இரண்டு தொடையிலும் கொட்டிக்கொண்டார். புதுத் தோல் வைக்கச் சத்திரசிகிச்சை, முதலில் வலது தொடைக்கு. கிருமி தொற்றினால் வைத்த தோல் ஒட்டாதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சத்திரசிகிச்சையன்று காலை மயக்கமருந்து டாக்டர் வந்தார். வெட்டுவதற்குச் சற்று முன் அன்ரிபயோட்டிக் ஏற்றவேண்டும், எடை எவ்வளவு என்று கேட்டார். கணவர் வாய் திறக்குமுன் அவருடைய அக்கா, கர்க்லாண்டிலிருந்து வந்திருந்த என் மச்சாள், அழகான பிரெஞ்சில் சொன்னார்: தொண்ணூறு கிலோ.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மச்சாள், என்ன கதைக்கிறியள்?"

"சும்மா இரும். ஒரு ஆளின்ர பாரத்தை உள்ளபடி சொல்லலாமே? நாவூறு படும். வடைச்சட்டி சும்மா கவிண்டதெண்டே நினைக்கிறீர்?"

மரியாதையாவது மண்ணாவது! நூற்று இருபதுக்கு மேல் என்று டாக்டரிடம் போட்டுடைத்தேன். மச்சாள் முகம் மிளகாய்ப் பழமாயிற்று. ஆள் அவ்வளவு பாரமென்றால் மருந்தும் கூட வேண்டும், குறைந்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம் என்றார் டாக்டர். எங்கள் இருவரையும் நம்பாமல் கட்டிலின் பொத்தானை அமத்தினார். அந்தக் கட்டிலே ஒரு தராசு.

அது காட்டிய எண் நான் சொன்னதையும் தாண்டி நின்றது; நானே வாயைப் பிளந்தேன். "பொய், பொய்," என்று கணவர் முனகினார். தாதி போர்வையை விலக்கினாள். கால்மாட்டில் மச்சாளின் கைப்பை. உள்ளே பெரிய பிளாஸ்க் நிறையச் சூப்பு, டாக்டர்மார் தரும் மருந்து போதாவிட்டால் கொடுக்க ஊரிலிருந்து வந்த மிச்சக் குளிசைகள், கோயிலில் அடிக்க இரண்டு தேங்காய்.

பையை இறக்கியதும் தராசு என் பக்கம் பேசியது. குளிசைகளைத் தாதி வாங்கிக்கொண்டாள். மச்சாள் என்னோடு கதைக்கவில்லை.

வலது தொடையில் தோல் கிருமியில்லாமல் ஒட்டியது. பேந்து இடது தொடைக்குப் போனோம். டாக்டர் எடை கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மச்சாள் எழுந்து கட்டிலிலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்தார். தம்பியின் தலையைத் தடவினார். நூற்று இருபத்துமூன்று கிலோ என்று வார்டுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, நாவூறு கழிய முகக்கவசத்துக்குள்ளேயே மூன்று தரம் துப்பினார்.