தண்ணீர் குறையாத வண்டி

மாமா சாவியைத் திருப்பினால் வண்டி முதலில் இருமும். பிறகு ஒரு காலை இழுத்து நடப்பவனைப்போலக் குலுங்கும். பின்னால் வெள்ளைப் புகை. ஒரு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலச் சீராக ஓடும். சில நாள் அந்த ஒரு நிமிடம் இருபது நிமிடமாகிவிடும். மூன்று வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு முன்னறையில் படுத்திருந்த எனக்குத் தினமும் அதுதான் விழிப்பு.

மாமா பத்தொன்பது வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். காலை ஐந்து மணிக்கு நான்கு நர்சுகளை வீட்டு வாசலில் ஏற்றி, ஆறு மணி ஷிப்டுக்கு ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவதுதான் அவருடைய நிலையான பிழைப்பு. மற்ற சவாரிகள் வந்தால் உண்டு. ஆறு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை என்பதால் நர்சுகள் அவருக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதல்முறை தாமதமானபோது, "அலாரமே லேட்டா அடிச்சா நாங்க எப்படிண்ணே எந்திரிக்கிறது?" என்று சிரித்தார்கள். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேன் பேசிக்கிறோம்ணே. கோவிச்சுக்காதீங்க" என்றார் பெரிய சிஸ்டர். அன்று மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மெக்கானிக்கிடம் வண்டியை அவர் கொண்டுபோவது மதியம். அதற்குள் அது சூடாகி, சாது மாதிரி நிற்கும்.

"டாக்டர் மூஞ்சியப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிடுதேண்ணே" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பேட்டரி மாறியது. இக்னிஷன் காயில் மாறியது. பிளக்குகளைக் கழற்றியபோது மூன்று கருத்திருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேடியேட்டர்ல தண்ணி குறையுதாண்ணே?"

"பொட்டுகூடக் குறையல. தினமும் சாயங்காலம் தண்ணி டப்பாவப் பார்த்துடுறேன்."

"எப்பவாவது சூடு ஏறி, முள்ளு சிவப்புக்குப் போச்சா?"

"சேச்சே!"

அந்த 'சேச்சே' கொஞ்சம் அவசரமாக வந்ததுபோல எனக்குப் பட்டது. மெக்கானிக் புது பிளக்குகளை மாட்டினார். மறுநாள் காலையும் வண்டி இருமியது.

அன்று மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார். வாசலில் அத்தை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய நெடுநாள் வேலை. துடைத்து முடித்து, பானெட்டைத் தூக்கி, ஒரு டம்ளரிலிருந்து எதையோ ஊற்றினாள்.

"என்னத்தை ஊத்துறீங்க?"

"தண்ணிதான். கோடு வரைக்கும் இருக்கணும்னு உங்க மாமாதான் வண்டி வாங்கினப்ப சொல்லிக் குடுத்தாரு."

"தினமுமா?"

"முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை. இப்ப ரெண்டு மாசமா தினம் ஒரு டம்ளர் குடிக்குது."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே? வண்டியப் பத்தி நான் வாயத் திறந்தா, 'அடுப்பப் பாரு போ'ம்பாரு."

நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டு, "இதைச் சொல்ல உங்களுக்கு ரெண்டு மாசமா?" என்றார். சாயங்காலமே வந்து ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றி வைத்துவிட்டுப் போனார். விடியற்காலை நான்கு மணிக்கு மறுபடி வந்து, நான்கு பிளக்குகளையும் கழற்றினார்.

"திருப்புங்கண்ணே."

மாமா சாவியைத் திருப்பினார். மூன்றாவது பிளக் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி மெக்கானிக்கின் சட்டையை நனைத்தது.

"இன்ஜினுக்கும் அதோட மூடிக்கும் நடுவுல இருக்குற தகடு, ஹெட் கேஸ்கட், எரிஞ்சிருக்கு. ராத்திரி பூரா தண்ணி சிலிண்டருக்குள்ள கசியுது. அதான் அந்த ஒரு பிளக் கழுவின மாதிரி இருந்துச்சு, காலையில வண்டியும் இருமுது" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா சூடு ஏறாம இது எரியாதுண்ணே."

மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு மாசம் முன்னாடி வழியில ரேடியேட்டர் ஹோஸ் விட்டுப்போச்சு. முள்ளு சிவப்புல. பின்னாடி சீட்டுல இருந்த சின்ன சிஸ்டருக்கு ஆபரேஷன் தியேட்டர்ல டூட்டி. நாலு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டேன். ஹோஸை நானே மாத்திக்கிட்டேன்."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாங்க?" என்றாள் அத்தை.

மெக்கானிக் மணியைப் பார்த்தார். "பிளக்க மாட்டித் தரேன், இன்னைக்கு ஓடும். ஆனா உள்ள தண்ணி நின்னு ஒருநாள் இன்ஜினே முறிஞ்சா என்னைக் கேட்காதீங்க. ஹெட்டைக் கழட்டி லேத்துல சீவணும். எனக்கு நாலு நாள் வேணும்."

நாலு நாள் என்றால் வேன். வேன் வந்துவிட்டால் அவர்கள் திரும்ப வருவார்களா என்பது யாருக்கும் தெரியாது. மாமா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு போனை எடுத்தார்.

"சிஸ்டர், நான் அலாரம் பேசுறேன்." தன்னை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "நாலு நாளைக்கு வண்டி இல்லம்மா. தப்பு என்னுதுதான். இன்னைக்கு மட்டும் தெரிஞ்ச பையன் காரை அனுப்புறேன், நாளையிலேருந்து வேன் பார்த்துக்குங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "தெரியும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை வண்டி ஒரே திருப்பில் பிடித்தது. குலுங்கவில்லை, புகையில்லை. மெக்கானிக் இருந்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார். மாமா முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

ஆறரைக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். அத்தை காபியை நீட்டினாள்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு. பெரிய சிஸ்டரும் சின்னவளும். மத்தவங்களுக்கு வேன்ல ஏசி இருக்காம்."

"ரெண்டு பேரை வெச்சு எப்படிங்க?"

"தெரியலயே" என்றார் மாமா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு மாதத்தில் முதல்முறையாக அத்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீ சொல்லு, என்ன பண்ணலாம்?"

அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.