நாலு டிஸ்க்கும் சந்தனப் பொட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரில் நாலு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் காப்பாற்றுமாம். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. நாலும் அன்றைக்குப் பிரித்த புதுசு. அழிய என்ன இருக்கு? ஆனாலும் உடனே அழுத்தாமல், எழுந்துபோய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போவேன், கல்யாண வீடியோ எடிட்டிங். முதலாளி பாய்க்கு எவ்வளவு கோபம் வந்தாலும் "ஏம்மா"வுக்கு மேல் வார்த்தை வராது. எடுத்த கல்யாணமெல்லாம் ஒரே மெஷினில், நாலு டிஸ்க்கில் கிடக்கும். கத்திரிக்காய் நறுக்குற மாதிரி ஒவ்வொரு வீடியோவையும் துண்டு போட்டு நாலிலும் மாத்தி மாத்தி வைக்கும். வேகமா ஓடும். ஒண்ணு போனா எல்லாம் போச்சு. அதை அமைத்தது நான்தான், அந்தப் பெருமை வேற.

ஆயுத பூஜை வந்தது. பொரி, கடலையெல்லாம் பாயே வாங்கிவந்து, "மெஷினையும் நல்லா தொடைச்சு வையிம்மா"ன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். நாலு டிஸ்க்கையும் கழட்டித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேமராக்களோடு அடுக்கிவிட்டேன். சந்தன வாசனை வந்தால் எல்லாருக்கும் கோயில் ஞாபகம் வரும். எனக்கு இன்னைக்கும் அந்த நாலு டிஸ்க்தான் வரும்.

பூஜை முடிந்து திரும்ப மாட்டும்போதுதான் உறைத்தது, எது எந்த இடத்தில் இருந்ததுன்னு நான் குறிக்கவே இல்லை. வரிசை மாறினால் மெஷினுக்குத் துண்டுகளைச் சேர்க்கத் தெரியாது. பழசு எதையும் காணோம், எல்லாத்தையும் அழித்துப் புதுசா அமைக்கவா என்று திரை கேட்டது.

அந்த நேரம் பார்த்து மதாம் வந்தாங்க. பிரெஞ்சுக்காரங்க ஆண்ட எங்க ஊரில் அந்த மாதிரி வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்க வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் வீடியோ எடுத்த அவங்க பையன் கல்யாணம் முடிந்த மூணாம் வாரமே அவர் இறந்துட்டார். கல்யாணத்தில் அவர் மைக் பிடித்துப் பேசினது எங்கள் மெஷினில் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்தாச்சு.

"நாளைக்குப் பாரீசுக்குப் போறேன். அவரு பேசினத ஒருதரம் கேட்டுட்டு, கையோட ஒரு காப்பி வாங்கிட்டுப் போறேம்மா."

பாய் என்னைப் பார்த்தார். "ஏம்மா..."

"பத்து நிமிஷம் மதாம், டீ சாப்டுங்க"ன்னு சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். நாலு டிஸ்க்கை இருபத்து நாலு விதமா மாத்தி மாட்டலாம். கழட்டுவேன், மாத்துவேன், ஆன் பண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் அழிக்கவான்னு கேட்கும். வேண்டாம்னு அழுத்தும் முன்னே ரெண்டு தரம் படிப்பேன். தப்பிப் பக்கத்துப் பட்டனில் பட்டால் அந்த மனுஷன் ரெண்டாந்தரம் செத்தமாதிரி. பிள்ளையாரை வேண்டினேன், மதாமுக்காக மாதாவையும் வேண்டினேன். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாச்சு, மூணு டீ ஆச்சு. பதினேழாவது தடவை எல்லாக் கல்யாணமும் வரிசையா வந்து நின்றது. தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

மதாம் ரெண்டு தடவை கேட்டாங்க. சத்தத்தைக் கூட்டச் சொன்னாங்க. போகும்போது "மெர்சிம்மா"ன்னு பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையை விடவே இல்லை.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது காபிக்கடை. பாய் ஸ்டூடியோவை மூடினபோது நான் பிரசவத்துக்குப் போயிருந்தேன். மெஷினைப் பழைய சாமானோடு யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். என் கல்யாண வீடியோவும் அதில்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தவள், நம்ம கடைதானே, எப்ப வேணா எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன். அடுத்த வருஷம் அப்பா போய்ட்டார். அந்த வீடியோவில் கேமராக்காரரிடம் கூச்சத்தோடு சொல்வார், "என்ன எதுக்குப்பா எடுக்குற, பொண்ண எடு." வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கு. அவர் குரல்தான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது.