கல்லுக்கு விட்ட தையல்

என் அக்கா தையல்காரி. அளவு நாடா கழுத்தில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. வாசலில் ஒரு ஆள் வந்து நின்றாலே தோள் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு என்று அவள் கண் அளந்துவிடும். அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. தம்பியாகப் பிறந்த பாவத்துக்கு நான் நாற்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஆறடி உயரம். முதுகில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். நிற்கலாம், நடக்கலாம், ஆறு மாதத்துக்குக் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் ஈரத்துணியால் முகம் துடைக்கும்போதெல்லாம் மாமா கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"மூஞ்சி கழுவக்கூட இன்னொருத்தர் கை வேணும்னு ஆயிடுச்சே" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அக்கா காதில் அது விழுந்துவிட்டது.

வீட்டில் இருந்த வாஷ்பேசின் அக்காவின் உயரத்துக்குப் பொருத்தியது. அக்கா ஐந்தடிக்கும் குறைவு. மாமா அதில் முகம் கழுவ வேண்டுமென்றால் பாதியாக மடங்க வேண்டும். அதனால் கல் பலகை மேல் கிண்ணம் மாதிரி உட்காருமே, அந்த உயரமான பேசின்தான் வேண்டும் என்று என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள்.

கடைக்காரர் கண்ணாடிக் கிண்ணம், பூப்போட்ட கிண்ணம் என்று பளபளப்பாக எடுத்துவைத்தார். அக்கா எதையும் ரசிக்கவில்லை. நாடாவை உருவி, "விளிம்பு தரையிலேர்ந்து நாப்பது அங்குலத்துல நிக்கணும். அவர் அளவு எனக்கு மனப்பாடம்" என்றாள். கனமான வெள்ளைப் பீங்கான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் கொடுத்த குழாயைக் கிண்ணத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது குட்டை. இதோட மூக்கு விளிம்பையே தாண்டலையே. தண்ணி கிண்ணத்து நடுவுல விழணும், அவர் சட்டையில இல்ல."

கடைக்காரர் நெட்டைக் குழாயை எடுத்துவந்தார்.

இதுவரை எல்லாம் சரி. கல் அறுப்பவருக்கு அளவு கொடுத்ததில்தான் வம்பு வந்தது. கிண்ணத்துக்கும் குழாய்க்கும் துளை எங்கே, எத்தனை பெரிது என்று அக்கா காகிதத்தில் வரைந்து வெட்டிக் கொடுத்தாள். அவரும் கோடு பிசகாமல் அறுத்து, பழைய பேசின் இருந்த இடத்தில் பலகையைச் சுவரில் பதித்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா வீடு வர ஒரே நாள்தான் பாக்கி. அன்று மத்தியானம் பிளம்பர் வந்தார். கிண்ணம் அழகாக உட்கார்ந்தது. குழாயைத் துளையில் வைத்தார். அது அடிப்பாகத்தோடு அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

பிளம்பர் அக்காவைப் பார்த்தார். "யாரு அளவு குடுத்தது?"

"நான்தான். சரியா அளந்து, தையலுக்குச் சுத்தி அரை அங்குலம் விட்டுக் குடுத்தேன்."

"அக்கா, இது துணி இல்ல, கல்லு. அப்புறமா உள்ள பிடிக்க முடியாது."

கிண்ணத்தின் துளைக்கும் அப்படித்தான் விட்டிருந்தாள். கிண்ணத்தின் அகலமான அடி அதை மறைத்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! "முப்பது வருஷமா அளக்கற, கல்லுக்குமா தையல் விடுவ?" என்று கத்திவிட்டேன். வேறு நாளாக இருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அன்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதுக் கல் வர ஒரு வாரம் ஆகும் என்றார் பிளம்பர். நாளைக்கும் மாமா முகத்தை வேறு யாராவதுதான் துடைக்க வேண்டும் என்பதை நினைத்து எனக்கும் மனசு கேட்கவில்லை. கத்தியிருக்க வேண்டாம்.

அக்கா மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்ததில் மிச்சமான கல் துண்டுகள் அங்கே கிடந்தன.

"துணி கிழிஞ்சா ஒட்டுப் போடுவோம். இதுக்குப் போடக்கூடாதா?"

பிளம்பர் சிரித்தார். சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் குழாய்க்குச் சரியான துளை போட்டு, பெரிய துளையின் மேல் பசை வைத்து ஒட்டினார். அடியில் ஒரு இரும்புத் தகடு கொடுத்து முறுக்கினார். குழாய் அசையாமல் நின்றது.

"முனையை மழுக்கிடுங்க, அவர் கையைக் கீறும்" என்றாள் அக்கா. அவளுக்கு உயிர் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பசை காய்ந்ததும் திறந்து பார்த்தோம். தண்ணீர் கிண்ணத்தின் நடுவில் விழுந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மறுநாள் மாமா மெல்ல நடந்து உள்ளே வந்தார். அக்கா துண்டோடு பின்னாலேயே குளியலறைக்குப் போனாள். மாமா கிண்ணத்தைப் பார்த்தார், குழாயைத் தொட்டார், கல்லில் இருந்த ஒட்டைத் தடவினார்.

"இது என்ன, முட்டியில ஒட்டுப் போட்ட கால்சட்டை மாதிரி?"

"கை தவறிடுச்சு" என்றாள் அக்கா.

அவர் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ வெளியில இரு."

தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் விழும் சத்தமும், தொண்டை கிழிய அவர் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டன. வெளியில் போ என்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து நின்று, கழுத்து நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எப்படிக்கா அதுல மூஞ்சி கழுவுவ?" என்று மெதுவாகக் கேட்டேன். விளிம்பு அவள் நெஞ்சுக்கு வந்தது.

அக்கா யோசித்தாள். அவளை அளக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

"முக்காலி போட்டுக்கறேன் போ" என்றாள்.