பாதி இஞ்சினுக்குச் சொந்தக்காரி

கேக் சுடும் வெள்ளைத் தட்டில் ஆயில் ஃபில்டரின் காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பரப்பி, தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் மார்லிஸ் கொவாரிக். கறுப்பாக ஏதாவது தென்பட்டால் நகத்தால் நசுக்குகிறார். நசுங்கினால் கரி; கவலையில்லை. நசுங்காமல் மினுங்கினால் சட்டைப் பையிலிருந்து காந்தம் வெளியே வரும். ஒட்டினால் இரும்பு, உள்ளே தண்டோ பல்சக்கரமோ தேய்கிறது என்று அர்த்தம். ஒட்டாவிட்டால், சாக்கடை அடைப்பு எடுக்கும் காரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். நுரைத்தால் அலுமினியம்.

"மாட்டுக்குச் சாணி, இஞ்சினுக்கு இது. ரெண்டும் வாய் தொறந்து எங்க வலிக்குதுன்னு சொல்லாது. பின்னால வர்றதப் பாத்து நாமதான் தெரிஞ்சுக்கணும்" என்பார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்லிஸ் எங்கள் பகுதியின் மாட்டு டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோள் வரை ஏறும் கையுறை ஒன்று எப்போதும் பின்பையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். நெப்ராஸ்காவின் இந்த மூலையில், சோளக் காட்டுக்கு நடுவே ஒற்றை ஓடுபாதையும் ஏழெட்டுத் தகரக் கொட்டகைகளும்தான் எங்கள் விமான நிலையம். அவருடைய கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகை என்னுடையது. என் விமானத்துக்கும் சேர்த்து அவர்தான் வைத்தியம் பார்க்கிறார், நான் கேட்காமலே.

சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்க அவரிடம் மெல்லிய கேமராக் குழாய் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியே அதை நுழைத்தால் வால்வின் முகம் போனில் தெரியும். நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே சீரான வளையங்களாக இருந்தால் நல்ல வால்வு. ஒரு பக்கம் மட்டும் பச்சை தட்டியிருந்தால் அது கருகத் தொடங்கிவிட்டது. எங்கள் ஓடுபாதையில் அப்படி ஒரு கேமரா வேறு யாரிடமும் இல்லை. ஆனால் யாரும் இரவல் கேட்பதில்லை. அதைக் கன்று இழுக்கும் சங்கிலியோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார். "கழுவித்தான் வச்சிருக்கேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் கேட்பவரின் சந்தேகம் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது.

தப்பும் செய்வார். ஒருமுறை ஃபில்டர் காகிதத்தில் சின்னச் சின்னக் கறுப்பு மணிகள். நசுங்கவில்லை, காந்தத்தில் ஒட்டவில்லை, காரத்தில் நுரைக்கவில்லை. காலை முழுவதும் யோசித்தவர், கடைசியில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கசகசா. வேலைக்கு நடுவே தின்ற கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டியிலிருந்து உதிர்ந்தது.

அவருடைய கொட்டகையில் நிற்கும் விமானத்தில் அவருக்குப் பாதிதான் சொந்தம். மறுபாதி டெல்பர்ட்டுக்கு. டெல்பர்ட் பள்ளிக்கூடத்து பேண்டு மாஸ்டர், மார்லிஸின் முன்னாள் கணவர். விவாகரத்தின்போது வீடு டெல்பர்ட்டுக்குப் போனது, நாய்கள் மார்லிஸுக்கு வந்தன. விமானத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார் நீதிபதி. "முடியாது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வழக்கு முழுவதும் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான் என்று வக்கீல்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆகவே வாரம் ஒருவராகப் பறக்கிறார்கள். இஞ்சின் கெட்டுப்போனால் அது மற்றவர் வாரத்தில்தான் கெட்டது என்பது இருவரின் உறுதியான நம்பிக்கை.

"எறங்கும்போது சறுக்குமரத்துல வர்ற மாதிரி வர்ற. கொதிக்கிற இஞ்சின் திடீர்னு குளுந்தா சிலிண்டர் வெடிக்காதா?" என்பார் டெல்பர்ட்.

"நீ கெளம்புறதுக்கு முன்னால நின்ன எடத்துலயே உறும விட்டு சுருதி சேத்துக்கிட்டு நிக்கிற. பிளக் பூரா கரி. அது இஞ்சின், டெல். உன் டிரம்பெட் இல்ல."

"சுருதி எறங்கியிருக்குன்னு நான் போன மாசமே சொன்னேன்."

"எறங்கினது உன் காது."

இதனால் ஆயில் மாற்றும் நாள் எங்களுக்கெல்லாம் திருவிழா. ஃபில்டரை இருவரும் கூட இருக்கும்போதுதான் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். சாட்சிக்கு நான். தகரக் கூட்டை அதற்கென்றே உள்ள கட்டரில் மாட்டி, டப்பாவின் மூடியைச் சுற்றி வெட்டுவது போல மார்லிஸ் மெதுவாகச் சுற்றுவார். காகிதம் வெளியே வரும். டெல்பர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இருவர் முகத்திலும் ஒரு சிறிய ஏமாற்றம் ஓடி மறையும்.

இந்த இலையுதிர் காலத்தில் அந்த ஒப்பந்தம் மீறப்பட்டது. ஆயில் மாற்றக் குறித்திருந்த மாலையில் மார்லிஸை எங்கோ ஒரு பண்ணைக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள்; ஒரு பசுவுக்குக் கர்ப்பப்பை வெளியே தள்ளிவிட்டது. டெல்பர்ட் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே ஃபில்டரை வெட்டினார். காகிதத்தைப் பிரித்தவர், அப்படியே ஆயில் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மடிப்புக்கு மடிப்பு வெள்ளியாய் மினுங்கியது. காந்தத்தை நீட்டினால் மீசை முளைத்ததுபோல அப்பிக்கொண்டது.

அன்று தொலைபேசியில் அவர்கள் பேசிக்கொண்டதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஊரே அதைச் சொன்னது. ஒருவரையொருவர் இஞ்சின் கொலைகாரர் என்றார்கள். புது இஞ்சின் போட இருவருக்கும் வசதியில்லை. இரண்டு வாரம் சண்டை போட்டுக் களைத்துப்போய், விமானத்தை இருக்கிறபடியே விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. லிங்கன் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர் கெட்டுப்போன இஞ்சினோடு மலிவாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். சனிக்கிழமை பிற்பகல் வந்து பார்த்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையிலேயே மார்லிஸ் கொட்டகையைத் திறந்துவிட்டார். மெக்கானிக் வெண்டலையும் வரவழைத்திருந்தார். வெண்டல் அதிகம் பேசமாட்டார். லைசென்ஸ் அவருடையது, ஆகவே இவர்கள் எதைக் கழற்றினாலும் அவர் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

"விக்கத்தான் போறீங்களே டாக்டர், இப்ப எதுக்கு இது?" என்றார் வெண்டல்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாம நான் பொணத்தக் குடுக்க மாட்டேன். எந்த வாரத்துல செத்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

டெல்பர்ட்டும் வந்துவிட்டார். அந்தக் காகிதத்தையும் தூளையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பாடப்புத்தகம் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அதை முதலில் பார்க்க மார்லிஸ் மறுத்துவிட்டார். "மொதல்ல நோயாளி. அப்புறம் சாணி."

பிளக்குகள் கழன்றன. முதலில் காற்றுச் சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றை அடைத்து, எவ்வளவு நிற்கிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. வெண்டல் விமானத்தின் மூக்கு விசிறியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். மார்லிஸ் காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு புகைக்குழாயில் வைத்தார். அங்கே சீறினால் வால்வு போச்சு. பிறகு ஆயில் ஊற்றும் வாயில் வைத்தார். அங்கே சீறினால் பிஸ்டன் வளையம் போச்சு.

"எல்லாரும் மூச்ச அடக்குங்க. ஏதோ கடமுடங்குது."

நாங்கள் மூச்சை அடக்கினோம். மார்லிஸ் ஸ்டெதஸ்கோப்பை இஞ்சினிலிருந்து எடுத்தார். மெதுவாகத் திரும்பினார்.

"அது உன் வயிறு, டெல். காலைல சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"அந்தப் பையில கோஸ் அடைச்ச ரொட்டி இருக்கு. போய்த் தின்னுட்டு வா. எனக்கு இங்க வேலை ஓடல."

நான்கு சிலிண்டரும் காற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வெண்டல் அழுத்தமானியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது கேமரா. வால்வுகள் வட்டம் வட்டமாக, ஒரு குறையும் இல்லாமல் போனில் வந்து நின்றன. சிலிண்டர்ச் சுவர்களில் கீறல் இல்லை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆரோக்கியம்தான் தெரிந்தது. மார்லிஸின் முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. நோய் கிடைக்காத டாக்டரைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவ்வளவு சுகமான காட்சியல்ல.

"இந்த இஞ்சின் என்னவிட நல்லா இருக்கு. அப்ப அவ்வளவு இரும்பு எங்கேருந்து வந்துச்சு? அந்தப் பையக் குடு."

டெல்பர்ட் வாயில் ரொட்டியோடு பையை நீட்டினார். மார்லிஸ் தூளைத் தட்டில் கொட்டி, காந்தத்தால் திரட்டி, கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"வெண்டல், இஞ்சின் உள்ளுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

"இதுல இல்ல டாக்டர்."

"வெள்ளை பெயிண்ட்?"

வெண்டல் வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒவ்வொரு பிசிறும் ஒரு பக்கம் வெள்ளியாகவும், மறுபக்கம் வெள்ளை வெளேரென்றும் இருந்தது. ஃபில்டரின் தகரக் கூட்டில் வெளியே பூசியிருக்குமே, அதே வெள்ளை. வெண்டல் நிமிர்ந்து, கொட்டகையின் கூரையில் ஏதோ சுவாரசியமாக இருப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்.

"டெல்," என்றார் மார்லிஸ். குரல் மிகவும் மென்மையாக இருந்தது. மிரண்ட எருதை நெருங்கும்போது அவருக்கு வரும் குரல் அது. "ஃபில்டர எதால வெட்டின?"

டெல்பர்ட் ரொட்டியை நிதானமாக மென்றார். விழுங்கினார். துடைத்துக்கொண்டார்.

"ஆக்சா பிளேடால."

வெளியே சோள அறுவடை எந்திரம் ஒன்று வரப்போரம் திரும்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆக்சா பிளேடால அறுத்தா தூள் உள்ள விழாதா? அது இஞ்சின் தேஞ்ச இரும்பு இல்ல, டெல். நீ அறுத்த தகரம். ரெண்டு வாரமா என்னக் கொலைகாரின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே."

"நீயும்தான் சொன்ன. இஞ்சின் சுருதி எறங்கிப்போச்சுன்னு வேற நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். கட்டரத் தேடினேன். பெட்டியில இல்ல. உனக்கு நாலு தடவ போன் பண்ணேன்."

"என் கை மாட்டுக்குள்ள இருந்துச்சு. கட்டர் எங்க போகும், நீதான் கண்ட எடத்துல..." என்று தொடங்கிய மார்லிஸ் அப்படியே நின்றார். வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். பிறகு நடந்து போய், பின்பக்கத்துப் பெட்டியில் கன்றுச் சங்கிலிகளை விலக்கித் துழாவினார். திரும்பி வரும்போது கையில் கட்டர் இருந்தது. அதன் சக்கரத்தில் ஆட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்வோபோதா வீட்டு ஆடு அவரைக்காய் டப்பாக்குள்ள கால விட்டுக்கிச்சு," என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "டப்பா ஏறக்குறைய ஃபில்டர் சைஸு. இதால வெட்டி, காலுக்கு ஒரு கீறல் இல்லாம எடுத்தேன்."

"ஆடு நல்லா இருக்கா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"நல்லா இருக்கு."

வெண்டல்தான் முதலில் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு தொழில் தர்மத்துக்காக முகத்தைச் சரிசெய்துகொண்டார். "இருந்தாலும் புது ஃபில்டர மாட்டி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வெட்டிப் பாக்கணும். ஒழுங்கா வெட்டணும். அதுல ஒண்ணும் இல்லன்னாத்தான் நான் நிம்மதியா சொல்லுவேன்" என்றவர், பிளக்குகளை மாட்டப் போய்விட்டார்.

இருவரும் விமானத்தின் மூக்குக்கு அருகில் நின்றார்கள். நான் என் கொட்டகைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சாட்சி என்று ஒருவனை நியமித்தால் அவன் கடைசிவரை இருக்கத்தான் செய்வான்.

"விக்கலாம்னு மொதல்ல சொன்னது நீ" என்றார் மார்லிஸ்.

"சொன்னேன். நீ 'சரி'ன்ன."

"நீ சொன்னியேன்னு சொன்னேன்."

"நீ ஒத்துக்க மாட்டன்னு நெனச்சு சொன்னேன். எதுக்குத்தான் நீ இதுவரைக்கும் ஒத்துக்கிட்டிருக்க? இதுக்குப் போயி 'சரி'ன்னுட்ட. அப்புறம் நான் எப்படி மாத்திப் பேசறது?"

மார்லிஸ் புது ஃபில்டரை எடுத்து, அதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவினார். வேண்டிய அளவுக்குமேல் தடவிக்கொண்டே இருந்தார். டெல்பர்ட் அதை வாங்கி, குனிந்து, இஞ்சினில் திருகினார். பாதித் திருகில் கை வழுக்கி, மிச்ச ஆயில் அவர் மூக்கில் கோடாக வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

ஓடுபாதை முனையில் புழுதி எழும்பியது. பல் டாக்டரின் கார்.

"யாராவது போய் வியாபாரம் இல்லன்னு சொல்லணும்" என்றார் டெல்பர்ட்.

"நீ போ. அறுத்தது நீ."

"கட்டர எடுத்துட்டுப் போனது நீ."

"நான் போனா சண்டையாயிடும். அவரு எம்பது மைல் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. உனக்குத்தான் நயமா பேச வரும்."

பத்து வருஷத்தில் மார்லிஸ் அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லி நான் கேட்டது அதுதான். டெல்பர்ட்டும் அப்படித்தான் உணர்ந்திருக்க வேண்டும், உடனே புறப்பட்டார். சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பேண்டு வாசிப்புக்கு மேடை ஏறுபவர்போல நடந்தார்.

"நில்லு" என்றார் மார்லிஸ்.

கையிலிருந்த துணியை உதறி, எண்ணெய் படாத முனை ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று கிடைத்ததாக நினைத்து அவர் மூக்கை அழுத்தித் துடைத்தார். அது சுத்தமான முனையில்லை. கறுப்பு மூக்கிலிருந்து கன்னத்துக்கு இறங்கி, காது வரை போய் நின்றது. மார்லிஸ் ஓர் அடி பின்னால் போய் அதை முழுவதுமாகப் பார்த்தார்.

"ம். இப்ப சரியா இருக்கு, போ" என்று சொல்லிவிட்டு, துணியைப் பின்பையில் செருகிக்கொண்டார்.