ஏழு ஈசிஜியும் ஒரு சஹனும்

இரண்டு வருடத்துக்கு முன், ஹஜ் பெருநாள் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். யட்டவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் நான் மௌத்தாக, அதாவது சாகத் தயாராக உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு அப்போதுதான் வைத்திருந்தார்கள்.

அலுவிகாரையில் ரோட்டோரமாக எனக்கு ஒரு சின்னக் கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவது தொழில். அந்தக் கல்யாணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பு, என் வயதுச் சிநேகிதர் ஒருவர் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ எடுக்க உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து போய்விட்டார். முதல் நாள் என் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டுப் போன மனிதர். அடக்கிவிட்டு வந்து மூன்று வாரம் நான் நன்றாகத்தான் இருந்தேன். நாலாவது வாரம், மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. விரல்கள் மரத்துப் போயின. மூச்சு மேலே வரவில்லை. எனக்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நல்லமாக இருக்கிறது என்றார் டொக்டர். மெஷின் பழசாக இருக்கும் என்று நினைத்து வேறு இடத்தில் எடுத்தேன். அதுவும் நல்லம். இப்படி மாத்தளையில் நாலு, கண்டியில் மூன்று, மொத்தம் ஏழு ஈசிஜி. ஒரு ஃபைலில் போட்டு, போகிற இடமெல்லாம் கொண்டு திரிந்தேன். ஒரு டொக்டர் மட்டும், “மனசுல ஏதும் கவலை இருக்கா?” என்று கேட்டார். நெஞ்சு வலிக்குது என்று வந்தவனிடம் மனசைப் பற்றிக் கேட்கிற டொக்டர் என்ன டொக்டர் என்று அவரை மாற்றிவிட்டேன்.

மௌத்தாகப் போகிறவன் வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைக்க வேண்டும் அல்லவா? மனைவியை உட்கார வைத்து, காணி உறுதிப் பத்திரம் எங்கே இருக்கிறது, என்னை எங்கே அடக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். முதல் தடவை அழுதாள். இரண்டாம் தடவை கவனமாகக் கேட்டாள். மூன்றாம் தடவை ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே “ம்” என்றாள். இவளுக்கு மனம் கல்லாகிவிட்டது என்று வருத்தப்பட்டேன்.

எல்லாவற்றையும் விட என்னை வாட்டியது மகள் விஷயம். அவளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் அவளை பைக்கில் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு நாளிலேயே நல்ல நேரம். ரோட்டில் போகும்போது என் நெஞ்சு நின்றுவிட்டால் பின்னால் இருக்கிற பிள்ளை என்ன ஆவாள்? பயந்துபோய் அவளை ஸ்கூல் வேனில் சேர்த்துவிட்டு, பைக் பழுது என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும் வேனில் ஏறும் முன், “பைக்குக்கு இன்னைக்கி சுகமா வாப்பா?” என்று கேட்பாள். இல்லை என்பேன். அவள் போய் பைக்கின் சீட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறுவாள். அதைப் பார்க்க முடியாமல் நான் கடைக்குள் போய்விடுவேன்.

இந்தக் கோலத்தில்தான் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணின் தகப்பனும் என்னைப் போல மிளகு வியாபாரி. போகாமல் இருக்க முடியாது. எங்கள் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவோம். எங்கள் சஹனில் நாலு பேர் தெரிந்த வியாபாரிகள். என் இடப்பக்கம் மட்டும் தெரியாத ஆள் ஒருவர். முப்பது வயது இருக்கும். மூடியைத் திறந்தார்கள். நெய் வாசம் முகத்தில் அடித்தது. அதே நொடியில் என் நெஞ்சும் அடிக்கத் தொடங்கிவிட்டது.

சஹனிலிருந்து பாதியில் எழும்புவது எங்கள் பக்கம் பெரிய மரியாதைக் கேடு. சாகப் போகிறவனுக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிந்து கை கழுவத் தண்ணீர் வரும் வரைக்கும் தாக்குப்பிடித்து, பிறகு வெளியே போய் மௌத்தாவோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் சஹனில் சாப்பிடாமல் இருப்பதை மறைக்க முடியாது. ஐந்து பக்கமும் சோறு இறங்கிக்கொண்டு போக, என் பக்கம் மட்டும் மேடாக நின்றது. நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, எதிரே இருந்தவர் ஒரு கோழித் துண்டை என் பக்கம் தள்ளினார். இன்னொருவர் இன்னொன்றைத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சஹனில் இருந்த கோழி முழுக்க என் முன்னால். எனக்கு வியர்த்து ஊற்றியது.

அதற்குள் பெண்ணின் தகப்பன் பார்த்துவிட்டார். கல்யாண வீட்டில் ஒருவன் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் அவனுக்கு வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் என்று அர்த்தம். அவர் என் பின்னால் வந்து குனிந்து, காதோடு கேட்டார்.

“தம்பி, இன்னும் அத மனசுல வச்சிக்கிட்டா இருக்கீங்க?”

எதை என்று எனக்கு விளங்கவில்லை. பேசவும் முடியவில்லை. அவரைப் பார்த்து விழித்தேன். அந்தப் பார்வையை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

“உங்க மிளகுல ஈரம்னு கொழும்பு முதலாளிக்கிட்ட சொன்னது நான்தான். புள்ளட கல்யாணம். இன்னைக்கி மன்னிச்சிருங்க தம்பி.”

கண்ணில் தண்ணீரோடு என் தோளைப் பிடித்தார். அப்படி ஒருவர் சொன்னார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்று இருந்த நிலையில் தலையை ஆட்டினேன். அவர் நிம்மதியாக அடுத்த சஹனுக்குப் போனார்.

அப்போது இடப்பக்கத்து ஆள் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், அண்ணன் என்கிற மாதிரி நானா போட்டு மெதுவாகக் கேட்டார்.

“நெஞ்சு அடிக்குதா நானா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“ஈசிஜி எடுத்தீங்களா?”

“ஏழு.”

“ஏழும் நல்லமா?”

“நல்லம்.”

“எனக்கு அஞ்சோட டொக்டர் ஏசிட்டாரு” என்றார். “அப்ப இது பயம் நானா. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தானா எறங்கும். கண்ண மூட வேணாம். சஹன் ஓரத்தப் புடிச்சிக்கிட்டு, மத்த அஞ்சு கையும் என்ன செய்யுதுன்னு பாருங்க. ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லுங்க. மூச்ச மட்டும் மெதுவா, நீளமா விடுங்க.”

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பார்த்தேன். முதல் கை, சோற்றைக் கிளறிக் கிளறி கஜு, அதுதான் முந்திரிப்பருப்பு, மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கையில் பெரிய கல்மோதிரம். அதில் எண்ணெய் படாமல் மூன்று விரலால் சாப்பிட்டது. மூன்றாவது கை, எனக்குத் தள்ளியது போக ஒரு நல்ல துண்டை யாருக்கும் தெரியாமல் தன் பக்கத்துச் சோற்றுக்குள் புதைத்து வைத்திருந்தது. நாலாவது கை, ஒவ்வொரு பிடிச் சோற்றையும் வாயில் போடும் முன் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தது. என்ன செய்கிறார் என்று உற்றுப் பார்த்தேன். மனிதர் மிளகு வாங்குகிற பழக்கதோஷத்தில் சோற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், முடியவில்லை. சிரிக்கும்போது மூச்சு நீளமாக வெளியே போனது. ஐந்தாவது கையைப் பார்த்தேன். அது பக்கத்து ஆளுடையது, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கை கழுவத் தண்ணீர் வந்தபோது நான் இரண்டு கோழித் துண்டு சாப்பிட்டிருந்தேன். மௌத்தாகும் யோசனை இல்லை.

பிறகு இனிப்புக்குத் தந்த வட்டிலப்பக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே அவரோடு நின்றேன். லக்கல பக்கம் பஸ் ஓட்டுகிறவர். ஒரு விடியற்காலையில் பஸ்ஸுக்கு முன்னால் யானை வந்து நின்றதாம். இவர் பஸ்ஸை நிறுத்தி, லைட்டை அணைத்து, ஆட்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லி, அது போன பிறகு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

“யானைக்கு முன்னால ஒரு நடுக்கமும் இல்ல நானா. மூணு மாசம் கழிச்சி, வீட்டுல சும்மா டீ குடிச்சிக்கிட்டு இருக்கறப்ப இது வந்திச்சி” என்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருப்பதையும், தான் அங்கே போவதையும் சொன்னார். நான் குரலைத் தாழ்த்தி, அது பைத்தியம் இல்லையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“பிரேக் சும்மா சும்மா புடிச்சிக்கிட்டா பஸ்ஸ கராஜுக்குக் கொண்டு போறோம். பஸ்ஸுக்குப் பைத்தியம்னா சொல்றோம்?”

அன்று இரண்டு பேரும் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “எனக்கு அப்பவே தெரியும். சொன்னா, டொக்டர மாத்தின மாதிரி என்னையும் மாத்திருவீங்கன்னு பேசாம இருந்தேன்” என்றாள். அவள் மனம் கல் என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

கிளினிக்குக்குப் பஸ்ஸில்தான் போனேன். ஆனால் கையோடு ஹெல்மெட்டையும் கொண்டு போனேன். தெரிந்தவர்கள் கண்டால்? முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட். அதைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் நம்பர் வந்ததும் நர்ஸ் மிஸ் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலைக்குள் இருப்பதைத்தான் டொக்டர் கேட்கப் போகிறார், முதலில் மூடியைக் கழற்றுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பெஞ்சே சிரித்தது. கழற்றிவிட்டுத் திரும்பினால், பின் வரிசையில் இன்னொரு ஹெல்மெட். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தச் செருப்பு எனக்குத் தெரியும். என் கடைக்கு எதிர்க் கடைக்காரர். யாருக்குத் தெரியக் கூடாது என்று நான் பயந்தேனோ அதே ஆள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேரும் ஹெல்மெட் இல்லாமல் வந்திருந்தோம்.

டொக்டர் அரை மணித்தியாலம் நான் பேசுவதைக் கேட்டார். மௌத்தான சிநேகிதரைப் பற்றிச் சொல்லும்போது, ஜனாஸாவை அடக்கிய அன்று வராத அழுகை அங்கே வந்தது. கொஞ்ச நாள் மருந்து தந்தார், மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார், தேயிலையைக் குறைக்கச் சொன்னார். அது ஒரே நாளில் போய்விடவில்லை. மூன்று நான்கு மாதம் எடுத்தது. ஒரு நாள் காலை வேன்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளிடம் பைக்குக்குச் சுகமாகிவிட்டது என்றேன். அவள் ஹெல்மெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வழி முழுக்க என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். ஹெல்மெட் அதற்கு உதவியது.

இப்போதும் எப்போதாவது காலையில் நெஞ்சு படபடக்கும். பைக்கின் மேல் பழி போடுவதை விட்டுவிட்டேன். சுகமில்லாதது பைக்குக்கு இல்லை, வாப்பாவுக்குத்தான் என்று சொல்வேன். சஹனில் ஐந்து கையைப் பார்த்த கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் புத்தகப் பையோடு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, “அஞ்சு சாமான் சொல்லுங்க வாப்பா” என்பாள். காகம், வாளி, மிளகுச் சாக்கு, எதிர்க் கடைக்காரரின் செருப்பு என்று சொல்லிக்கொண்டு போய், ஐந்தாவதாக அவளைப் பார்க்கும்போது, எனக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று நான் அவ்வளவு பயந்தது இவளுக்காகத்தான் என்று விளங்குகிறது. அந்தப் பயத்தை இவளிடமே சொல்லலாம் என்று தெரியாமல் ஏழு ஈசிஜி எடுத்தேன்.